கடலா, ஏரியா?
பாண்டுப்பிலிருந்து இரு பயணங்கள்

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களுள் பாண்டுப்பும் ஒன்று. மத்திய ரயில்வேயின் பாதையில் காஞ்சூர்மார்க்குக்கும் நாஹூருக்கும் நடுவே அமைந்தது. மேற்கே குன்றுகளும், அவற்றிற்கு அப்பால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடும் இருக்கின்றன. கிழக்கே உப்பளங்கள், சதுப்பு நிலம், அதற்கும் அப்பால் தாணேக் கழிமுகம். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, அக்கழிமுகத்தின் சேற்றைச் செந்நிறமாக்கும் காட்சியைக் காண நெடுந்தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர். அருகிலேயே குடியிருக்கும் நம்மவருள் பலர் அதைக் கண்டதில்லை.

மாநகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியைத் தூய்மை செய்து அனுப்பும் நிலையமும் பாண்டுப்பில்தான் இருக்கிறது. 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரியும், 1879-இல் எழுந்த துளசி ஏரியும் குன்றுகளுக்குப் பின்னே கிடக்கின்றன. பொவாய் ஏரியோ கூப்பிடு தூரம். இவ்வளவு நீருக்கு நடுவே வாழ்ந்தும், பாண்டுப் மக்களுக்கு நீந்துவதற்கு மட்டும் இயற்கையான நீர்நிலை ஒன்று இல்லை. விஹாரும் துளசியும் குடிநீர் நிலைகள் ஆதலால் இறங்க அனுமதியில்லை. பொவாயில் முதலைகள் உண்டு. கழிமுகத்தில் சேறும் நகரத்துக் கழிவும். ஆகவே நீச்சல் கற்க விரும்பும் நம் பிள்ளைகள், முலுண்டிலோ செம்பூரிலோ உள்ள மாநகராட்சிக் குளத்தை நாடிச் செல்வதே வழக்கம்.

இச்செய்தியை முதலிற் கூறக் காரணம் உண்டு. இக்கட்டுரை நீரைப் பற்றியது. நீரைக் கடந்து செல்லும் சாலைகளைப் பற்றியது. அவற்றுள் எதைத் தேர்வது என்று எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

மூவினைப் போட்டி

டிரையத்லான் என்னும் விளையாட்டை அன்பர்கள் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். நீந்துதல், சைக்கிள் மிதித்தல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையே ஓய்வின்றி ஒரே மூச்சில் செய்து முடிக்கும் போட்டி அது. தமிழில் மூவினைப் போட்டி எனலாம். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹவாயில் பதினைந்து பேர் கூடி, நீந்துபவன் வலியனா, ஓடுபவன் வலியனா, சைக்கிள் மிதிப்பவன் வலியனா என்ற வாதத்தைத் தீர்க்கப் புறப்பட்டனர். பன்னிருவர் முடித்தனர். ‘அயன்மேன்’ என்ற பெயர் அன்று பிறந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் குறுகிய தொலைவுப் போட்டி இடம் பெற்றது.

முழுத் தொலைவு எல்லாருக்கும் இயல்வதன்று. அதனிற் பாதியாக அமைந்ததே அரைத் தொலைவுப் போட்டி. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்; ஆக 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3. ஆதலின் அவ்வெண்ணே அதற்குப் பெயராயிற்று. மும்பைவாசியான நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல், ஐம்பதை எட்டும் வயதில், சூரிச் நகரில் முழுத் தொலைவையும் முடித்த பிறகு, இந்நகரத்து இளைஞரிடையே இவ்விளையாட்டின் மீது தனி ஆர்வம் பிறந்தது.

அவ்வார்வம் என் தமக்கையின் மகளையும் பற்றியது. பாண்டுப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். பொவாய்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் பணி. முலுண்டுக் குளத்தில் நீந்தக் கற்றாள். தவணையில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கினாள். ஞாயிறு விடியலில் ஐரோலிப் பாலத்தைக் கடந்து, நவி மும்பையின் பாம் பீச் சாலையில் வெயில் ஏறும் வரை மிதித்துவிட்டுத் திரும்புவாள். இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்த பின் ஒருநாள், “மாமா, ஒரு போட்டியிற் சேரலாம் என்றிருக்கிறேன். கோவாவா, கோலாப்பூரா என்றுதான் தெரியவில்லை” என்றாள்.

தமக்கை சமையலறையிலிருந்தே, “கடலில் இறங்குவதாக இருந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம்” என்றாள்.

அவள் அச்சத்திற்கு வேர் உண்டு. எங்கள் கடைசித் தம்பி, தாமிரபரணியில் ஆடிப் பெருக்குக் காலத்தில் குளிக்கச் சென்றவன், திரும்பி வரவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் ஆற்றைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த பிறகும், தமக்கை ஜூஹு மணலில் நின்று கடலைப் பார்த்திருக்கிறாளே அன்றிக் காலை நனைத்ததில்லை. மகளை நீச்சல் குளத்திற்கு அனுப்பியதே அவள் செய்த பெரும் துணிச்சல்.

ஆகவே, பணம் கட்டுமுன் இரண்டு இடங்களையும் நேரிற் சென்று பார்ப்பது என்று முடிவு செய்தோம். நுழைவுக் கட்டணம் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை விழுங்கக்கூடியது. கட்டிய பின் மனம் மாறினால் முழுதும் திரும்பி வருவதும் அரிது. பெண் பார்க்கப் போவதற்கு முன் ஊரைப் பார்ப்பவர் நாம். போட்டிக்கு முன் பாதையைப் பார்ப்பதில் என்ன தவறு?

கொங்கண் வழியே கோவா

அக்டோபர்த் திங்களில் ஒருநாள் காலை, தாணே நிலையத்தில் மாண்டவி எக்ஸ்பிரஸ் வண்டியைப் பிடித்தோம். சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, சரக்குப் பெட்டியில் ஏற்றினோம். 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதை, நம் நாட்டின் பொறியியல் ஆற்றலுக்கு ஒரு நற்சான்று. ரத்னகிரி அருகே கர்புடே சுரங்கம் ஆறரைக் கிலோமீட்டர் நீளம். அப்பகுதியிலேயே பன்வல் ஆற்றின் மேல் 64 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். மழை ஓய்ந்த பருவம் ஆதலால் வழி நெடுகப் பசுமை. வண்டியில் விற்ற உணவுப் பண்டங்களுக்கும் குறைவில்லை. மாலையில் கர்மாலி நிலையத்தில் இறங்கிப் பனாஜி சேர்ந்தோம்.

1961 டிசம்பர் வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த இந்நகரில், ஃபோண்டைன்ஹாஸ் வீதிகளின் மஞ்சளும் நீலமுமான வீடுகளையும், மாண்டவி ஆற்றங்கரையையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே மிராமர் கடற்கரை உள்ளது. 2019 அக்டோபர் 20-ஆம் நாள், இந்தியாவின் முதல் அயன்மேன் 70.3 போட்டி இங்கேதான் நடந்தது. மணிப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சாய்க்கோம் முதலாவதாக வந்தார். கொள்ளை நோய்க் காலத்தில் இரண்டாண்டுகள் தடைப்பட்டு, 2022 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024-இல் நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா இப்போட்டியை முடித்ததை நாளேடுகள் பெரிதாக வெளியிட்டன.

மறுநாள் விடியலில் மிராமர் சென்றோம். அலை பெரிதில்லை. ஆயினும் மழைக்காலம் கழிந்து சில வாரங்களே ஆகியிருந்தமையால் நீர் கலங்கியிருந்தது. உள்ளூர் நீச்சல் ஆசிரியர் ஒருவர் துணைவர, உயிர்காப்பாளர் பார்வையில், பெண் கரையோடு இணையாகச் சிறிது தூரம் நீந்தி வந்தாள்.

“எப்படி?” என்றேன்.

“தண்ணீர் என்னைத் தூக்குகிறது மாமா. ஆனால் எங்கே போகிறேன் என்றுதான் தெரியவில்லை.”

இவ்விரு வாக்கியங்களில் கடல் நீச்சலின் நன்மையும் தீமையும் அடங்கிவிட்டன. உப்பு நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம் எடை. அச்சிறு வேறுபாடே உடலை மேலே தாங்குகிறது. கால் தாழாமல் நீட்டி நீந்த முடிகிறது. ஆனால் குளத்தின் அடியிலுள்ள கறுப்புக் கோடு கடலில் இல்லை. சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி மிதவையைத் தேட வேண்டும். அவ்வேளையில் ஓர் அலை முன்னே எழுந்தால் மிதவை மறையும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால், 1.9 கிலோமீட்டர் இரண்டுக்கு மேலாகிவிடும். சொறிமுட்டை எனப்படும் ஜெல்லி மீன்களும் அப்பருவத்தில் தொல்லை தருவதுண்டு. குளிர்நாடுகளில் நீந்துவோர் அணியும் ரப்பர் உடை நன்கு மிதக்க உதவும். நீரின் வெப்பம் 24.5 டிகிரிக்கு மேற்படின், வயதுப் பிரிவுப் போட்டியாளர் பரிசுக் கணக்கில் அதை அணிய விதி இடந்தராது. கோவாக் கடலோ 28 டிகிரி அளவில் இருப்பது. ஆகவே அத்துணையும் இல்லை.

பிறகு சாலையைப் பார்த்தோம். பெண் சைக்கிளிலும் நான் ஆட்டோவிலுமாகச் சென்றோம். மிராமரிலிருந்து டோனா பாலா வரை கடலோரம் சமதரை. அதன் மேல், கோவாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள தாலிகாவ் மேட்டு நிலத்திற்கு ஏற வேண்டும். ஏற்றம் நீண்டதன்று, ஆனால் போட்டியில் ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வருவதால், அதே ஏற்றம் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். திரும்புமிடங்களில் வேகத்தை இழந்து மறுபடி கூட்ட வேண்டும். சுற்றுப் பாதையால் ஒரு நன்மையும் உண்டு: முதற் சுற்றிலேயே பாதை பழகிவிடும், கரையில் நிற்கும் உறவினரைப் பலமுறை காணலாம்.

எட்டு மணிக்குள் வெயில் சுட்டது. கோவாவின் உண்மையான கடினம் மலையிலும் அலையிலும் இல்லை. காற்றின் ஈரத்தில் உள்ளது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், வியர்வை வழிந்து ஓடுமே அன்றி ஆவியாகாது. உடல் நீரையும் உப்பையும் இழக்கும், குளிர்ச்சியோ பெறாது. அந்நிலையில் நண்பகலில் 21 கிலோமீட்டர் ஓட வேண்டும். வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் நேரும்.

இதைக் கேட்டுப் பெண் சிரித்தாள். “மாமா, இந்தக் காற்றிலேதானே பிறந்ததிலிருந்து இருக்கிறேன்! மே மாதம் எட்டரை மணிக்குப் பாண்டுப் வண்டியில் ஏறி நின்றவளுக்கு இது புதிதா?” என்றாள். அவள் கூற்றில் உண்மை இருந்தது. டில்லியிலிருந்தும் புனேயிலிருந்தும் வருவோர் தனியே பழக வேண்டிய புழுக்கம், மும்பைக்காரருக்கு நாள்தோறும் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி.

கோலாப்பூர்

டிசம்பரில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸில் கோலாப்பூர் புறப்பட்டபோது தமக்கையும் உடன் வந்தாள். அம்பாபாயைத் தரிசிக்க வேண்டும் என்பது அவள் சொன்ன காரணம்.

கோலாப்பூர், கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டருக்கு மேல், சஹ்யாத்ரி மலைக்குக் கிழக்கே அமைந்த பீடபூமி நகரம். உடலுழைப்பையும் உடல் வலிவையும் கொண்டாடும் ஊர். சாஹூ மகாராஜா, தம் ஆட்சிக் காலத்தில் 1912-இல் கட்டிய காஸ்பாக் மல்யுத்த அரங்கு இன்றும் நிற்கிறது. விடியலில் தாலீம்களில் செம்மண் பூசிய பயில்வான்கள் பயில்வதைக் காணலாம். காரமான மிசலும், செந்நிறமும் வெண்ணிறமுமான இரு ரசங்களும் இவ்வூரின் புகழ்பெற்ற உணவுகள். தமக்கை சைவம், மிசலோடு நிறுத்திக்கொண்டாள்.

சிவாஜி பல்கலைக்கழகத்தை அடுத்து ராஜாராம் ஏரி இருக்கிறது. டெக்கன் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் அமைப்பு நடத்தும் ‘பெர்க்மன் 113’ என்ற அரைத் தொலைவுப் போட்டியின் நீச்சல் இவ்வேரியில்தான். அலையில்லை. நான்கு புறமும் கரை கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளூர் நீச்சற்காரர் சிலர் அன்றாடம் அங்கே நீந்துகின்றனர். அவர்களோடு பெண் இறங்கினாள். தமக்கை கரையில் ஒரு கல்லின் மேல் அமர்ந்து, அவள் அணிந்திருந்த மஞ்சள் தொப்பியைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவேயில்லை. தொப்பி ஏரியின் நடுவே சென்று, திரும்பி, பெரிதாகி வந்த பிறகே மூச்சு விட்டாள்.

“கரை தெரிகிறது மாமா. ஆனால் தண்ணீர் தூக்கவில்லை” என்றாள் பெண், தலையைத் துவட்டிக்கொண்டே.

நன்னீரின் இயல்பு அது. உடல் சற்றுத் தாழ்ந்தே செல்லும். கால்களை மேலே வைத்திருக்கத் தனி முயற்சி வேண்டும். எனினும் அது அவள் குளத்திலேயே பழகிய நீர்தான்.

ஏரியில் கிடைத்த எளிமையைச் சாலை திரும்பப் பெற்றுக்கொண்டது. புனே, பெங்களூர் நெடுஞ்சாலை கோலாப்பூருக்குத் தெற்கே காகல் வழியாகக் கர்நாடக எல்லைக்குள் நிப்பாணியை நோக்கிச் செல்கிறது. தரை அலை போல் ஏறி இறங்குகிறது. மரநிழல் குறைவு, திறந்த வெளி. காகல் வரை முக்கால் மணியில் சென்றவள், திரும்பி வர ஒரு மணிக்கு மேல் எடுத்தாள். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அறைந்தது.

காற்றின் கணக்கை அறிந்துகொள்வது நல்லது. காற்றின் தடை வேகத்தின் இருபடியாக வளர்வது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவன் உணரும் காற்று 35 கிலோமீட்டர் வேகம். தடை ஏறத்தாழ இருமடங்காகும். பின்காற்றில் பெறும் இலாபம், எதிர்காற்றில் இழக்கும் நேரத்தை ஈடு செய்வதில்லை. ஏனெனில் எதிர்காற்றில்தான் நாம் நெடுநேரம் இருக்க நேரிடும். சமதரைப் பாதை எளிது என்று எண்ணுவோரும் இதை நினைவிற் கொள்ள வேண்டும். மலைப் பாதையில் இறக்கத்தில் கால் ஓயும். காற்று வீசும் சமதரையில் ஓய்வே இல்லை.

ஓட்டத்திற்கோ கோலாப்பூர் உகந்தது. குளிர்கால விடியலில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். காற்று உலர்ந்தது, வியர்வை உடனே ஆறும். அதுவே ஒரு பொறியும் ஆகும். வியர்ப்பது தெரியாமையால் நீர் குடிக்க மறந்துவிடுவர்.

அயலகத்து உறவினர்க்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குக் கொழும்பிலும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் உறவினர் உண்டு. “எங்கள் ஊரில் வந்து ஓடலாமே” என்று அவர்கள் அழைப்பதும் உண்டு. கொழும்பில் 2018 பிப்ரவரியில் முதன்முதலாக அயன்மேன் 70.3 நடந்தது. காலிமுகத் திடலை ஒட்டிய கடலும், நகரத்துச் சமதரைச் சாலைகளும் அதன் சிறப்பு. முதன்முறை செல்வோர் பலர் அச்சமதரையை நம்பிச் சென்றனர். ஈரமும் வெயிலும் அவர்களைச் சோதித்தன. பஹ்ரைனில் டிசம்பரில் நடத்தப்பட்ட போட்டியில் மேடு பள்ளம் இல்லை, பாலைக் காற்று இருந்தது. மலேசியாவின் லங்காவித் தீவில் வெதுவெதுப்பான கடல், குன்றுச் சாலை, நவம்பர் மழை மூன்றும் சேரும். ஆக, குறையில்லாத பாதை எங்கும் இல்லை. எந்தக் குறையை நாம் தாங்கவல்லோம் என்பதே தேர்வு.

கணக்கும் மனமும்

கோலாப்பூரிலிருந்து திரும்பும் இரவு வண்டியில், பெண் ஒரு தாளில் கணக்கிட்டாள். அயன்மேன் 70.3 போட்டிகளில் வழக்கமாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம் எல்லை. தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணிக்குள் சைக்கிளை முடிக்க வேண்டும். முழுவதும் முடிக்க எட்டரை மணி. 70 நிமிடத்தில் 1.9 கிலோமீட்டர் என்றால், நூறு மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி. அவள் குளத்தில் அதைவிட விரைவாகவே நீந்துகிறாள். நீச்சலுக்கு ஒரு மணி, உடை மாற்ற எட்டு நிமிடம் என்று கொண்டால், சைக்கிளுக்கு 4 மணி 22 நிமிடம் மிஞ்சும். அதற்கு மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம் போதும். ஓட்டத்திற்கு மூன்று மணி. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். நடையும் ஓட்டமுமாகச் சென்றாலும் முடியும்.

“கணக்குப்படி பார்த்தால் கோவாதான் மாமா” என்றாள். “எட்டு மணி நேரத்தில் நீச்சல் ஒரு மணிதான். மற்ற ஏழும் எனக்குப் பழகிய புழுக்கம். சைக்கிளில் எனக்குக் காற்றுப் பழக்கமில்லை. கோலாப்பூரில் அதுதான் நாலு மணி நேரம்.”

அவள் சொன்னது சரி. நெடுநேரம் செல்லும் பகுதிக்கு ஏற்பப் பாதையைத் தேர்க என்பதே இவ்விளையாட்டில் முதிர்ந்தோர் கூறும் அறிவுரையும். நான் ஆமோதிக்க வாயெடுத்தேன்.

மேற்படுக்கையில் உறங்கிவிட்டாள் என்று நாங்கள் எண்ணியிருந்த தமக்கை, “அந்த ஒரு மணி நேரம் உனக்கு, எனக்கு எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் விடை கூறவில்லை. சிறிது நேரத்திற்குப் பின் அவளே தொடர்ந்தாள்: “உன்னைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வதாயிருந்தால் குளத்துக்கே அனுப்பியிருக்க மாட்டேன். கரை தெரிகிற தண்ணீரில் முதலில் இறங்கு. நானும் வந்து நிற்பேன். கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

நான் எண்ணிப் பார்த்தேன். தாயின் பேச்சில் அச்சம் மட்டும் இல்லை, அறிவும் இருந்தது. சைக்கிளில் இயலாதவன் இறங்கிச் சாலையோரம் அமரலாம். ஓட முடியாதவன் நடக்கலாம். மூன்றனுள் நீரில் மட்டுமே, இயலாமை வந்தால் நிற்க இடமில்லை. உலகெங்கும் இப்போட்டிகளில் நேர்ந்த மரணங்களுள் பெரும்பான்மை நீச்சலின்போது நேர்ந்தவை. காவற்படகுகள் சூழ்ந்திருந்தும், பதற்றமும் இதயத்தின் திடீர்ச் சோர்வும் அவற்றிற்குக் காரணமாகின்றன. ஆகவே, நேரத்தால் குறைந்த பகுதி பொறுப்பால் பெரிது. குளத்தைத் தவிர வேறு நீரை அறியாத ஒருத்திக்கு, முதல் திறந்த நீர் அமைதியானதாக இருத்தல் நலம். எதிர்காற்றோ பயின்று வெல்லத்தக்கது.

கோலாப்பூர் என்று முடிவாயிற்று. அலையை நன்கு அறிந்த கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்திருப்பின் நானே கோவா என்று கூறியிருப்பேன். பாதையைத் தேர்வது, பாதையை மட்டும் பார்த்து முடிவதன்று. செல்பவரையும், கரையில் நிற்பவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

நம் பிள்ளைகள் பலர் இவ்வழியில் ஆர்வம் கொண்டிருப்பதை அறிவேன். பெற்றோர் தடுக்கவும் வேண்டாம். கண்மூடி விடவும் வேண்டாம். பணம் கட்டுமுன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, நீர் எத்தகையது? கடலா, ஏரியா? கரை தெரியுமா? மீட்புப் படகுகள் எத்தனை நிற்கும்? பிள்ளை அத்தகைய நீரில் முன்னர் நீந்தியது உண்டா?

இரண்டாவது, எந்த மாதம்? ஒரே ஊர் அக்டோபரில் ஒன்று, ஜனவரியில் வேறு. ஓட்டம் நண்பகலில் வருமாயின் அவ்வேளையின் வெயிலையும் ஈரத்தையும் கணக்கிடுங்கள்.

மூன்றாவது, சாலையின் மேடுபள்ளம் எவ்வளவு, காற்று எப்பக்கம், போக்குவரத்து முழுதும் நிறுத்தப்படுமா? நம் நெடுஞ்சாலைகளில் இக்கேள்வி மலையைவிடப் பெரியது.

நான்காவது, கால எல்லை யாது? போட்டிக்குப் போட்டி இது வேறுபடும். பிள்ளையின் வழக்கமான வேகத்தோடு அதை ஒப்பிட்டு, அரை மணியேனும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, சென்று வருவது எளிதா? சைக்கிளைக் கட்டி எடுத்துச் செல்லும் செலவு, தங்குமிடம், மருத்துவமனை ஆகியவை கட்டணத்தைப் போலவே முக்கியம். புறப்படுமுன் மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொள்வது, இளையோருக்கும் அவசியம்.

இவற்றிற்கு விடை கண்ட பின், நம் ஊரிலேயே பயிற்சிக்கு வழி உண்டு. ஏற்றத்திற்குத் தாணேயை அடுத்த யேவூர்க் குன்று இருக்கிறது. சமதரைக்குப் பாம் பீச் சாலை. புழுக்கத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

எழுதும் இந்நாளில், என் தமக்கை மகள் வாரம் இருமுறை யேவூர் ஏறி இறங்குகிறாள். எதிர்காற்றைப் பழக, ஐரோலிப் பாலத்தில் மாலைக் காற்று வீசும் வேளையைத் தேர்ந்து செல்கிறாள். தமக்கை கோலாப்பூருக்கு மூன்று பயணச்சீட்டுகள் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஏரிக்கரையில் உட்கார்ந்த அந்தக் கல், விடியலிலேயே சென்றால்தான் கிடைக்கும் என்பது அவள் எண்ணம். முதல் நாளே போய்விட வேண்டும் என்கிறாள்.